இருமுறை தட்டவும்

என் மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில் மாப்பிள்ளையின் அப்பாவை மயங்கி விழவைத்தவன் நான்தான். கை ஓங்கவில்லை. சாப்பாட்டில் எதையும் கலக்கவில்லை. ஒரு ஜோக் சொன்னேன், அவ்வளவுதான். மேடையில் பாதி ஆயுளைக் கழித்தும் ஒரு ரசிகரைக்கூட நாற்காலியை விட்டு அசைக்க முடியாத மிமிக்ரி முத்துவுக்கு அன்றைக்குத்தான் அந்தப் பாக்கியம் கிடைத்தது.

நாச்சிமுத்து என்பது முழுப்பெயர். என்னை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். என் குரலைத் தெரியும். உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் யாராவது இருந்தால், அவர் புஜத்திலிருந்து நாளெல்லாம் பேசிக்கொண்டிருப்பது நான்தான்.

கணக்குப்பிள்ளை என்றுதான் ஊர் அதைச் சொல்கிறது. கம்பெனி வைத்த பெயர் வேறு. விளம்பரத்தில் தவிர அதை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. வயிற்றுத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு மருந்துப் பை, புஜத்தில் ஒரு பட்டை. அது வருவதற்கு முன் நாங்கள் பட்ட பாட்டைச் சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை. நேற்றுச் சாப்பிட்ட அதே இட்லி, அதே நடை, அதே தூக்கம். நேற்றைக்கு எட்டு யூனிட் இன்சுலின் போதுமாக இருக்கும். இன்றைக்குப் பதினான்கு கேட்கும். நாளைக்கு ஐந்துக்கே கை நடுங்கி வியர்த்துக் கொட்டும். காய்ச்சல் வந்தால் ஏறும், விட்டால் இறங்கும். வெயிலுக்கு ஒரு கணக்கு, பல்வலிக்கு ஒரு கணக்கு, மச்சினன் வந்து தங்கினால் தனிக் கணக்கு. பல நாள் காரணமே இருக்காது. நீங்க என்ன பண்ணீங்க என்று டாக்டர் கேட்பார். ஒன்றுமே பண்ணாமல், பண்ணியவன்போல முழித்துக்கொண்டு நிற்போம்.

கணக்குப்பிள்ளை அந்த முழிப்புக்கு ஒரு முடிவு கட்டியது. இரத்தம், வியர்வை, தூக்கத்தில் புரண்டது என்று எல்லாவற்றையும் மோப்பம் பிடித்து, அடுத்த சில மணி நேரத்துக்கு உடம்பு எவ்வளவு இன்சுலின் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். அன்றாட அளவை அதுவே விடும். கூடுதல் மருந்துக்கு மட்டும் ஆளின் சம்மதம் வேண்டும் என்று சட்டம். அது கேட்கும், நாம் பட்டையை இருமுறை தட்ட வேண்டும். அது கேட்காமலே நாம் தட்டினாலும், ஐயாவுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று மரியாதை கொடுத்து நான்கு யூனிட் விட்டுவிடும். அந்த மரியாதைதான் பின்னால் வினையாயிற்று.

அதைத் தமிழில் பேசவைக்க ஆள் தேடியவர்கள் பெரிய பெரிய குரல்களை எல்லாம் கேட்டு அலுத்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தார்கள். என் பள்ளித் தலைமையாசிரியர் குரலை நான் அச்சு அசலாக எடுப்பேன். வாழ்நாளில் எதைப் பற்றியும் சந்தேகப்பட்டறியாத மனிதர் அவர். தப்பாகச் சொன்ன விஷயங்களிலும் அதே உறுதி. நாளை மழை வராது என்று அவர் சொன்னால் மேகமே ஒரு நிமிஷம் யோசிக்கும். அந்தக் குரலில், "ஐயா, இரண்டு யூனிட் கூடுதல் தேவை. இருமுறை தட்டவும்" என்று பேசிக் காட்டினேன். அறையிலிருந்த ஒருவர், சர்க்கரையே இல்லாதவர், தன் வெறும் புஜத்தைத் தட்டிக்கொண்டார். அங்கேயே என்னை முடிவு செய்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து என் பேச்சைத் தமிழ்நாடு கேட்டு நடந்தது, என் வீட்டைத் தவிர. உங்க பேச்சைக் கேட்கணும்னா நானும் சர்க்கரை வர வெச்சுக்கணும்போல என்று என் மனைவி சுகந்தி சொல்வாள். எனக்கு இருக்கிறது, நானும் பட்டை கட்டியிருக்கிறேன். என் புஜத்திலிருந்து என் குரல் எனக்கு உத்தரவு போடும்போது நானே பயபக்தியோடு தட்டுவேன். அவ்வளவு நல்ல மிமிக்ரி.

நிச்சயதார்த்தம் ஈரோட்டில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை தருண். அவனுடைய அப்பா சென்னியப்பனுக்குக் கவுந்தப்பாடியில் வெல்ல மண்டி. ஊருக்கெல்லாம் வெல்லம் அனுப்பிவிட்டுத் தான் மட்டும் கசப்புக் காபி குடிக்கிற மனிதர். வேட்டி மடிப்புக் கலையாது. குரல் உயராது. ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் அதை எடை போட்டுப் பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்றே என்னைச் "சம்பந்தி" என்று கூப்பிட்டார். மேடையில் எத்தனையோ பட்டம் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு நான் ஓர் அங்குலம் வளர்ந்ததுபோல இருந்தது.

பந்தியில் அவர் பக்கத்து இலையில் நான். மண்டபம் முழுக்க அங்கங்கே புஜங்களிலிருந்து நானே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். ஒரு யூனிட், இரண்டு யூனிட், இருமுறை தட்டவும். எதிர் வரிசையில் இருந்த வாலிபப் பட்டாளம் சும்மா இருக்குமா? மாமா, நேர்ல ஒரு தடவை பண்ணுங்க மாமா என்று பிடித்துக்கொண்டார்கள். ஒரு கலைஞனை இரண்டு தடவை கேட்க வேண்டியதில்லை. பாயச வாளி திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே, குரலை வயிற்றிலிருந்து எடுத்து, பந்தி முழுக்கக் கேட்கும்படி விட்டேன்.

"ஐயா, பால் பாயசம் நெருங்குகிறது. வாளியின் ஆழத்தைப் பார்த்தால் நான்கு யூனிட் கூடுதல் தேவை. இருமுறை தட்டவும்."

வரிசையே சிரித்தது. சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவர் இடது கை மெதுவாக எழுந்து, வலது புஜத்துப் பட்டையை இருமுறை தட்டிவிட்டு இறங்கியது.

நான் பார்த்தேன். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன், நான் பார்த்தேன். அவரும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார் என்று நினைத்தேன். இந்தக் கெடுபிடியான மனிதர் எனக்காக நடித்துக் காட்டுகிறார் என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. சும்மா சொன்னேனுங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தேன்.

அந்த நேரம் பார்த்து, தாராபுரத்திலிருந்து தருணின் தாய்மாமன் வந்து இறங்கிவிட்டதாக வாசலில் குரல் வந்தது. தாய்மாமன் வந்தால் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து போய் வாசலில் நின்று அழைத்து வர வேண்டும். இலையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்ல முடியாது. சென்னியப்பன் ஒரு வாய்கூட முழுதாகச் சாப்பிடாமல் இலையை மூடாமல் எழுந்தார். வாசலில் நின்று பயணம் விசாரித்து, ஒவ்வொருவரிடமும் மாமனைக் கூட்டிப்போய், சீர்த்தட்டுகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் இலையில் ஊற்றிய பாயசத்தில் ஆடை படிந்தது.

அப்போதுதான் மண்டபத்து நடுவிலிருந்து என் குரல் கேட்டது.

"சர்க்கரை இறங்குகிறது. உடனே இனிப்பு உண்ணவும்."

வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. போதும் மாமா, வயிறு வலிக்குது என்றான் ஒருவன். நான் கையைத் தூக்கி, நான் இல்லை என்றேன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. "இறங்குகிறது. இருந்த இடத்திலேயே உட்காரவும்" என்று மறுபடி கேட்டது. மறுபடி சிரித்தார்கள். நான் எழுந்து, நிஜமாகவே நான் இல்லை என்று கத்தினேன். என் சொந்தக் குரலுக்கு என்றைக்கு மதிப்பு இருந்தது? எனக்குக் கிடைத்த கைத்தட்டல்களிலேயே பெரியது அதுதான்.

நான் இலைகளைத் தாண்டி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சென்னியப்பன் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை நனைந்திருந்தது. தாராபுரத்து மச்சினனைப் பார்த்து, "நீ யாரு? என்ற மண்டிச் சாவியை ஏன் எடுத்த?" என்று அழுகிற குரலில் கேட்டார். சர்க்கரை இறங்கினால் எங்களுக்குப் புத்தி அப்படித்தான் கலங்கும். பிறகு தூணோடு வழுக்கிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, சாய்ந்தார். வேட்டி நனைந்தது. இரண்டு வீட்டுச் சொந்தமும், பெண்கள் பக்கமும், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் புஜத்திலிருந்து நான் மட்டும் நிறுத்தாமல் கம்பீரமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதும் கண் விழித்தார். முதலில் குனிந்து வேட்டியைப் பார்த்தார். அப்புறம் யாரையும் பார்க்கவில்லை. நான் தோளில் கிடந்த என் புதுத் துண்டை எடுத்து அவர் மடியில் போட்டேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டேன்: என் ஜோக்கால்தானே? டாக்டர் நல்ல மனிதர். போன வாரம் அவருக்குக் காய்ச்சல் இருந்து விட்டிருக்கிறது, காய்ச்சல் விட்டதும் தேவை திடீரென்று இறங்கும் என்றார். சாப்பிடவில்லை, வெகுநேரம் நின்றார், சந்தோஷம் வேறு, சந்தோஷத்துக்கும் சிலருக்கு இறங்கும் என்றார். உங்கள் ஜோக்கும் ஒரு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். என்னைத் தேற்றுகிறாராம். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அதற்குப் பிறகு, தை மாதத்தில் குறித்திருந்த கல்யாணம் 'பார்க்கலாம்' என்கிற ஒற்றை வார்த்தையில் தொங்க ஆரம்பித்தது. மண்டபம் சொல்லலாமா என்று கேட்டால், பார்க்கலாம். பத்திரிகை? பார்க்கலாமுங்க. எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பதை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை; மரியாதை குறையாமல் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நிச்சயத்தன்று நாள் முழுக்க மாமா மாமா என்று சுற்றி வந்த தருண் போனில், "அப்பா கொஞ்சம் சரியாகட்டும், சார்" என்றான். அந்தச் சார் காதில் விழுந்த இடத்திலேயே நான் வளர்ந்த அங்குலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என் மகள் வெண்பா சண்டை போடவில்லை. தருணோடு தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். பேசி முடித்ததும் மொட்டை மாடிக்குப் போய் வெகுநேரம் நிற்பாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "அப்பா, இனிமே வீட்ல அந்தக் குரல்ல பேசாதீங்க" என்றாள். சரிம்மா என்றேன். நான் சொல்லி வாய் மூடவில்லை, என் புஜத்துப் பட்டை, "ஐயா, சோற்றைக் குறைக்கவும்" என்றது. அவள் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

எங்கே போனாலும் நான் இருந்தேன். பஸ்ஸில் பின் சீட்டில் அதட்டினேன். கோயிலில் பிரகாரம் சுற்றுகிறவர் கையில் உத்தரவு போட்டேன். ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டு வேட்டியைப் பார்த்துக்கொள்வேன், நனைந்தது என் வேட்டி என்பதுபோல. அது என் வேட்டியாக இருந்திருக்கலாமே என்று எத்தனை தடவை நினைத்தேன் என்று கேட்காதீர்கள். எனக்கு அது ஒரு மேடை நிகழ்ச்சிக்குச் சரக்காக ஆகும். அவருக்கு அது மானம்.

ஒருநாள் மத்தியானம் சென்னியப்பனின் மனைவி கோகிலா அம்மா போன் செய்தார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பேசுகிறாராம். அவர் பட்டையைக் கழற்றி மேசை இழுப்பில் போட்டுவிட்டார். பட்டை இல்லாமல் வயிற்றுப் பை மருந்து விடாது; பழையபடி விரலைக் குத்திப் பார்த்து, கைக்கு வந்த அளவு ஊசி போட்டுக்கொள்கிறார். காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு எந்தக் கணக்குக்கும் நிற்கவில்லை. மண்டியில் இரண்டு தடவை தலைசுற்றி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். தூக்கத்தில் இறங்கினால் என்ன செய்வது என்று இந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சத்தத்தை மட்டும் நிறுத்திக்கலாமுங்களான்னு கேட்டா, சத்தத்தை நிறுத்தினா பட்டையே நின்னுபோகுமாமுங்க" என்றார். எச்சரிக்கையை யாரும் கேட்காமல் இருந்துவிடக் கூடாது என்று கம்பெனி அப்படித்தான் செய்திருக்கிறது. "நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க சார். அந்தக் குரல் கேட்டா அவருக்கு மண்டபம் ஞாபகம் வந்துடுதுங்க."

ஒரு மனிதரை நான் கூட்டத்தில் விழவைத்தது போதாதென்று, அவர் உயிரைக் காக்கிற பொருளுக்குள்ளேயும் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். வெண்பாவிடம் சொன்னேன். கல்யாணம் அப்புறம் இருக்கட்டும்பா, அவர் பட்டையைக் கட்டணும் என்றாள். மறுநாள் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன்.

கம்பெனியில் நஸ்ரின் இருந்தாள். என் குரலைப் பதிவு செய்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இன்ஜினியர். மண்டபத்தில் நடந்ததைச் சொல்லி, அவருக்கு மட்டும் வேறு குரல் வைத்துக் கொடு தாயே என்றேன். முடியாதாம். மருத்துவக் கருவியின் குரலும் மருந்து மாதிரிதான், சோதித்து அனுமதி வாங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும், தமிழுக்கு அனுமதி வாங்கிய குரல் என்னுடையது ஒன்றுதான். தமிழர்கள் பாவம் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததற்கு நான்தான் காரணமா என்று அவளிடமும் கேட்டேன். இயந்திரத்துக்காவது தெரிந்திருக்கும் என்ற நப்பாசை.

"தட்டினது பதிவாகும் அண்ணா. ஏன் தட்டினார்னு பதிவாகாது" என்றாள்.

பிறகு கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, நாலு வரி தனியாகப் பேசினீர்களே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. பதிவின் கடைசி நாள், தொண்டை கட்டிப்போன சாயங்காலம். கணக்குப்பிள்ளைக்கே கணக்குப் பிடிபடாத நாட்களில் சொல்வதற்கென்று நாலு வரி எழுதிவைத்திருந்தார்கள். எனக்குத் தெரியவில்லை, உறுதியாகச் சொல்ல முடியாது, அந்த மாதிரி. எத்தனை முயன்றும் அது தலைமையாசிரியர் குரலில் வரவில்லை. வராது, அவர் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதே இல்லை, பிறகு எதைப் பார்த்து மிமிக்ரி செய்வது? வேறு வழியில்லாமல் என் சொந்தக் குரலில் சொல்லி வைத்தேன். கேட்க நன்றாகவே இல்லை.

"அதைப் பட்டையில நான் கேட்டதே இல்லையே, ஏன் எடுத்துட்டீங்க?" என்றேன்.

"பரிசோதனைல அந்த வரி வந்தா ஜனங்க பயந்துட்டாங்க. தட்டமாட்டேன்னாங்க, டாக்டருக்குப் போன் போட்டாங்க. விக்கிறவங்க இது ஆகாதுன்னுட்டாங்க." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "உங்களையும் கேட்டோம் அண்ணா. வெட்டுங்க, அது என் குரல் மாதிரியே இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க."

சொன்னேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அப்படியானால் தெரியாத நாட்களில் அது என்ன செய்கிறது என்று கேட்டேன். தெரியாது என்று அதற்குத் தெரியும் என்றாள். தன் கணக்கில் எவ்வளவு சந்தேகம் என்று ஒவ்வொரு நிமிஷமும் அதற்குள்ளே ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கிறது. காய்ச்சல் விட்ட வாரத்தில் அந்தச் சந்தேகம் மலைபோல இருக்கும். ஆனால் சொல்ல வரி இல்லை. அதனால் இருப்பதில் ஒரு நம்பரை எடுத்துத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுகிறது. அவர் வழக்கம்போல அடித்துச் சொல்லிவிடுகிறார்.

எத்தனை பேர், எத்தனை காய்ச்சல் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். தண்ணீர் வேண்டுமா அண்ணா என்றாள்.

அந்த நாலு வரிக்கும் அனுமதி முன்பே வாங்கியிருந்தார்கள். அணைத்து மட்டும்தான் வைத்திருந்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்து, கட்டிக்கொள்கிறவர் சம்மதித்தால் அவருக்கு மட்டும் திறந்துவிட முடியும், எல்லோருக்கும் திறக்கச் சொல்லி மேலே நான் பேசுகிறேன் என்றாள். முதலில் எனக்குத் திறந்துவிடச் சொன்னேன். எங்கள் டாக்டர் உடனே எழுதிக் கொடுத்தார். சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. தலைமையாசிரியரே ஆண்டுகொண்டிருந்தார். அப்புறம் ஒரு காலையில், தோசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, புஜத்தில் சின்னத் தயக்கம். தொண்டை கட்டிய ஓர் ஆள் பேசினான்.

"எனக்குத் தெரியவில்லை. விரலில் ஒரு சொட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பிறகு மறுபடி பார்க்கலாம்."

சுகந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, யாரோட பேசறீங்க?" என்றாள். இத்தனை வருஷத்தில் பட்டை பேசியதை நான் பேசியதாக அவள் நினைத்தது அதுதான் முதல் தடவை.

அன்றே கவுந்தப்பாடிக்குத் தனியாகப் போனேன். மண்டிக்குள் நுழையும்போதே பாகு வாசனை முகத்தில் அடித்தது. எங்களைப் போன்றவர்களுக்கு மூச்சு விடுவதே பத்தியக் கேடு. உருண்டை வெல்லம் கட்டிய சிப்ப மூட்டைகளுக்கு நடுவே சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். சட்டைக் கைக்குக் கீழே பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்; யார் வந்தாலும் எழுகிற மனிதர்.

"வாங்க சார். உக்காருங்க" என்றார்.

மழையைப் பற்றிப் பேசினோம். ஈரக்காற்றுக்கு வெல்லம் கசிகிறது என்றார். ஆமாங்க என்றேன், தெரிந்தவன்போல. மண்டியை ஒட்டித்தான் வீடு. கோகிலா அம்மா சர்க்கரையில்லாத காபியை இரண்டு டம்ளரில் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போகாமல் கதவோரம் நின்றுகொண்டார். ஜோக் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. காபியோடு விழுங்கினேன்.

பிறகு சொன்னேன். தலைமையாசிரியரைப் பற்றி, வெட்டச் சொன்ன நாலு வரியைப் பற்றி, தெரியாத நாளிலும் தெரிந்ததுபோல அது பேசியதைப் பற்றி, அதில் என் பங்கு என்ன என்பதைப் பற்றி. என் பட்டையின் ஓரத்தை அழுத்திப் பிடித்தால் கடைசியாகச் சொன்னதை மறுபடி சொல்லும். அழுத்தினேன். எனக்குத் தெரியவில்லை, விரலில் ஒரு சொட்டு, பிறகு மறுபடி பார்க்கலாம்.

சென்னியப்பன் கையைக் காட்டினார், இன்னொரு தடவை என்று. மறுபடி அழுத்தினேன்.

"இது யாருங்க?"

"நான்தானுங்க."

"அப்ப அது?"

"அது எங்க ஹெட்மாஸ்டருங்க."

அவர் காபி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சிரிப்புபோல ஒன்று மீசைக்குக் கீழே வந்துவிட்டுப் போயிற்று. கோகிலா அம்மா மேசை இழுப்பைத் திறந்து பட்டையை எடுத்துத் துடைத்தார். டாக்டர் எழுதிக் கொடுத்தால் இதிலும் திறந்துவிடுவார்கள், தெரியாத நாளில் தெரியாது என்று சொல்லும் என்றேன். அவர் கையை நீட்டவில்லை. இழுத்துக்கொள்ளவும் இல்லை. அந்த அம்மாவே சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டினார்.

கேட்க வந்ததைக் கேட்டேன். வெண்பாவையும் தருணையும் என்ன செய்யலாம் என்று.

"தை மாசம் வெச்ச தேதிதானுங்க. பொண்ணு என்ன பண்ணுச்சு? நான் வெளிய தலைகாட்டக் கூச்சப்பட்டுட்டு இருந்தேன், அதனால பாக்கலாம் பாக்கலாம்னு தள்ளிட்டேன். பையன் கிட்டயும் காலைலதான் சொன்னேன்." ஒரு சிப்பத்தின் கட்டைச் சரிசெய்தார். "அது வேறங்க. இது வேற."

கல்யாண விஷயம் முடிந்துவிட்டது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். இது என்று அவர் சொன்னது என்னை எழுந்திருக்க விடவில்லை. டாக்டர் இருக்கலாம் என்றார், நஸ்ரின் பதிவாகாது என்றாள், வீட்டில் விடுங்க விடுங்க என்றார்கள். அன்றைக்குப் பட்டைதான் பேசுகிறது என்று நினைத்துத்தானே தட்டினீர்கள் என்று கேட்டேன்.

சென்னியப்பன் வெகுநேரம் எடை போட்டார்.

"இல்லீங்க. நீங்க பேசறதைப் பாத்துட்டுத்தான் தட்டினேன்" என்றார். "காய்ச்சல் விட்டதுல இருந்து அது நேரத்துக்கு ஒண்ணு சொல்லுச்சு. ஒவ்வொண்ணையும் அடிச்சுச் சொல்லுச்சு. நான் மண்டி வெச்சிருக்கறவன், ஒருத்தன் இத்தனை அடிச்சுப் பேசினா சரக்குல ஏதோ இருக்குதுன்னு தெரியும். அதை நம்பறதை அன்னைக்குக் காலைலயே விட்டுட்டேன். எத்தனை போட்டுக்கறதுன்னு தெரியாமத்தான் இலைல உக்காந்திருந்தேன்."

கதவோரத்தில் கோகிலா அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்களும் இந்த வியாதிக்காரர். என்ற மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சுட்டீங்கன்னு நெனச்சேன். சபைல நேரா சொன்னா எனக்குக் கூச்சமா இருக்கும்னு விளையாட்டு மாதிரி சொல்றீங்க, எத்தனை நாசூக்கான மனுசன்னு நெனச்சுட்டுத்தானுங்க தட்டினேன்."

தலைமையாசிரியர் குரலும் வரவில்லை, என்னுடையதும் வரவில்லை. நாசூக்கு என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்ன ஒரே மனிதரை அதற்காகவே கீழே தள்ளியிருக்கிறேன். வெல்லச் சிப்பத்தைச் சுற்றித் தேனீக்கள் பறந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று என் டம்ளர் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று போய்விட்டது.

"அப்ப என்னாலதானுங்க" என்றேன்.

"ஆமாங்க."

மூச்சு விட முடிந்தது. அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்; மேடைக் கலைஞன், எனக்கு அது கஷ்டமில்லை. தோளிலிருந்த துண்டை எடுக்கப் போனேன். அவர் முந்திக்கொண்டு கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். மண்டபத்தில் அவர் மடியில் நான் போட்ட அதே துண்டு. துவைத்து, மடித்து, மடிப்புக் கலையாமல் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒன்றே ஒன்று கேட்டேன். என்னை மன்னித்துவிட்டீர்களா என்று.

அவர் புதிதாகக் கட்டிய பட்டையைக் கையால் ஒரு தடவை தடவி, இருக்கிற இடத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

"இன்னும் இல்லீங்க, சம்பந்தி" என்றார்.